ரப்பர் பேண்டு போட்ட பக்கங்கள்

ஒரு நாவலை முக்கால்வாசி படித்து, எதிரிப் படை கோட்டை வாசலுக்கு வந்துவிட்ட இடத்தில் மூடி, மிச்சப் பக்கங்களுக்கு ரப்பர் பேண்டு மாட்டி அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் உலகத்தில் நான்கு பேர்தான் இருக்க முடியும். அந்த நான்கு பேரும் ஒரே தெருவில் வந்து வாய்த்திருந்தார்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு மதியம் தையல்கடையில் கூடுவார்கள். மெஷின்களுக்கெல்லாம் துணி போர்த்தியிருக்கும். துணி வெட்டுகிற நீள மேஜையைச் சுற்றி நான்கு நாற்காலி. தையல்கடைக்காரி, ரிட்டையரான கணக்கு டீச்சர், லிஃப்ட் மெக்கானிக், மருந்துக்கடை அக்கா. சரித்திர நாவல், இல்லையென்றால் மாயமந்திர நாவல். வேறெதுவும் அந்த மேஜையில் செல்லாது. குடும்பக் கதைதான் வேண்டுமென்றால் அவரவர் வீட்டிலேயே கொட்டிக் கிடக்கிறதே என்பது தையல்கடைக்காரியின் கட்சி. ஒவ்வொருவரும் தாம் படித்ததை முக்கால்வரை சொல்ல வேண்டும். கதை சொல்கிறவரே கடைசிக் கால் பாகத்தைப் படித்திருக்கக் கூடாது. வேறொருவர் எடுத்துப்போய், ரப்பர் பேண்டைக் கழற்றிப் படித்து, அடுத்த மாதம் எல்லாருக்கும் முடிவைச் சொல்வார். ஒருமுறை டீச்சர் ஒரு முடிவை முன்கூட்டியே உளறிவைத்து, லிஃப்ட் மெக்கானிக் மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததால் வந்த ஏற்பாடு இது. கிறுக்குத்தனம்தான். ஆனால் பதினொரு வருடமாக யாரும் இதை மீறியதில்லை.

மருந்துக்கடை அக்கா மீறிவிட்டாள். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. தன்னைவிடப் பெரியவர்கள்கூட அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிய முகம்.

ஆறு வாரத்துக்கு முன் ஒரு புதன்கிழமை. டீச்சர் முக்கால் கதையைச் சொல்லிவிட்டுக் கொடுத்திருந்த சரித்திர நாவல் கல்லாவுக்கு அடியில் இருந்தது. கோட்டையை எதிரி வளைத்து நாற்பது நாள்; உள்ளே தண்ணீர் தீர்ந்துகொண்டிருக்கிறது; ராணி என்ன செய்யப்போகிறாள்? மூன்று நாளாக அக்காவுக்கு அதே நினைப்பு. மதியம் கடையில் ஆள் இல்லை. காலையிலிருந்து தலையின் பின்பக்கம் விண்ணென்று வலித்தது. ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ரப்பர் பேண்டைக் கழற்றிப் புத்தகத்தைப் பிரித்தாள்.

எழுத்து இருந்தது. படிக்க முடியவில்லை.

மங்கலாகத் தெரிந்தது என்றால் கண்ணாடிக் கடைக்குப் போயிருப்பாள். பளிச்சென்று தெரிந்தது. வளைவும் சுழியும் புள்ளியும் அச்சடித்தபடி அப்படியே இருந்தன. ஆனால் எந்த நாட்டு எழுத்தோ என்று தோன்றியது. பக்கத்தைத் திருப்பினாள். கல்லாவுக்கு மேலே தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். தேதி தெரிந்தது, எண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிழமை தெரியவில்லை. பயத்தில் ஒரு தாளை எடுத்துத் தன் பெயரை எழுதினாள். கை தானாக எழுதியது, எப்போதும் போல, அழகாக. எழுதி முடித்துவிட்டுப் பார்த்தால் அதுவும் புரியவில்லை. தான் எழுதியதைத் தானே படிக்க முடியாமல் அந்த மதியம் அவள் அழுத அழுகையை, இருமல் மருந்து கேட்டு வந்த ஒரு ஆள் வந்து நிறுத்தினான்.

மருந்துக்கடைக்காரிக்கு இது என்னவென்று தெரியாதா? தெரியும். மூளையில் எங்கோ ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்திருக்க வேண்டும். வலப்பக்கம் வருகிற ஆள் சட்டென்று கண்ணில் படாமல் போவதும், வலது முழங்கை கதவு நிலையில் இடித்து இடித்துக் கன்றிப்போனதும் அதனால்தான். இதே அறிகுறியை வேறு யாராவது கவுண்டரில் வந்து சொல்லியிருந்தால், "இங்க நின்னு பேசாதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று விரட்டியிருப்பாள். தனக்கென்று வந்தபோது நாளைக்குப் போகலாம் என்றாள். நாளைக்கு சரியாகிவிடும் என்றாள். வாயால் சொல்லிவிட்டால் நிஜமாகிவிடும் என்ற பயம். பஸ் ஓட்டுகிற புருஷனிடம் சொன்னால் அன்றைக்கே கடையைப் பூட்டுவார், அது இன்னொரு பயம். கடை போனால்கூடத் தாங்கிக்கொள்வாள். ஆனால் அந்தத் தெருவில் அவள் படிக்கிறவள். பள்ளிக்கூட நாளிலிருந்து அதுதான் அவளுக்கு அடையாளம். அதுவும் போய்விட்டால் மிச்சம் யார் இருக்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அதனால் சமாளித்தாள். அவளுடைய கெட்ட நேரம், சமாளிக்க முடிந்தது. டாக்டர்கள் கையெழுத்து கோழி கிளறியது போல இருப்பது ஊரறிந்த விஷயம். சீட்டு வந்தால் அதைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, உதட்டைப் பிதுக்கி, போனை எடுத்து கிளினிக் நர்ஸைக் கூப்பிடுவாள். "என்ன எழுதியிருக்கார்னு நீங்களே சொல்லிடுங்கம்மா, அவர் எழுத்தை அவரைப் பெத்தவங்களாலயும் படிக்க முடியாது" என்பாள். நர்ஸ் சிரித்துக்கொண்டே சொல்வாள். கேட்டதை அக்கா பதிவு நோட்டில் எழுதுவாள்: வாங்கியவர் பெயர், மருந்து, போன் நம்பர். சந்தேகமே வராது, எழுத்து முத்து முத்தாக இருந்தது. அலமாரியில் எந்தத் தட்டில் எது என்பது இருபது வருடப் பழக்கம். பெட்டியின் நிறம் மனப்பாடம். புதுப் பெட்டி வந்தால் மட்டும், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, பெயரின் ஒவ்வொரு எழுத்து மேலும் விரலை ஓட்டிப் பார்ப்பாள். கண்ணுக்குத் தெரியாத எழுத்து விரலுக்குத் தெரிந்தது. ஒரு பெயரைப் படிக்க இரண்டு நிமிடம் ஆகும்.

முதல் ஞாயிறு வந்தது. மேஜையைச் சுற்றி மூன்று முகம், ராணி என்ன ஆனாள் என்று காத்திருந்தன. உடம்பு சரியில்லை, படிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பதினொரு வருடத்தில் அவள் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. வாயைத் திறந்தாள். கதை தானாக வந்தது.

கோட்டைக்குள் மூன்று குடம் தண்ணீர்தான் மிச்சம். நட்ட நடு மதியத்தில் ராணி மதில் மேல் ஏறுகிறாள். எதிரிப் படை முழுக்கப் பார்க்கக் கூந்தலை அவிழ்த்துவிட்டு, அந்த மூன்று குடத்தையும் தலையில் ஊற்றிச் சாவகாசமாகக் குளிக்கிறாள். தண்ணீர் மதிலில் வழிந்து இறங்குகிறது. தலை முழுகிக் கூந்தலை உலர்த்துகிற அளவுக்கு உள்ளே தண்ணீர் இருக்கிறதென்றால் இன்னும் ஒரு வருடம் உட்கார்ந்தாலும் இந்தக் கோட்டை விழாது என்று எதிரி அன்று மாலையே கூடாரத்தைக் கலைக்கிறான். உள்ளே ஒரு சொட்டு இல்லை. ராணி ஈரக் கூந்தலைக் குழந்தைகள் வாயில் பிழிகிறாள்.

லிஃப்ட் மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தையல்கடைக்காரி மூக்கை உறிஞ்சினாள். டீச்சர் புத்தகத்தை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டாள். அக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வெட்கமாகவும் இருந்தது. அதைவிட வெட்கம், சந்தோஷமாகவும் இருந்ததுதான்.

பதினொரு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, டீச்சர் அந்தப் புத்தகத்தோடு கடைக்கு வந்தாள். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளின் விடைத்தாளில் சிவப்பு மை தேய்த்த பெண்மணி. காப்பியடித்தவனைக் கண்டுபிடித்தால் எப்படி நிற்பாளோ அப்படிக் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அந்த ராணி தலைக்குக் குளிக்கவே இல்ல."

அக்கா கையில் இருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தாள்.

"அந்த முடிவு எனக்கு அவ்வளவு பிடிச்சிருந்துச்சு. எழுத்தில ஒரு தடவை படிச்சுப் பாக்கணும்னு எடுத்தேன். இதில ராணி சாக்கடை வழியா தப்பிச்சு ஓடிப்போறா. எங்கேயோ ஒரு ஊர்ல நாப்பது வருஷம் துணி வெளுத்துட்டு செத்துப்போறா. ஆறே வரி. குடமும் இல்ல, கூந்தலும் இல்ல. ராத்திரி பூரா தேடினேன், பக்கம் கிழிஞ்சிருக்குமோன்னு எண்ணிக்கூடப் பாத்தேன்."

"டீச்சர்..."

"நீ படிக்கவே இல்ல. படிக்கலைன்னு சொல்லியிருந்தா யாரு உன்னைத் தூக்குல போடப் போறா? பதினொரு வருஷமா ஒருத்தரை ஒருத்தர் நம்பித்தானே ரப்பர் பேண்டு போடறோம். எங்க மூணு பேரையும் முட்டாளாக்கிட்டியே."

"படிக்க நேரம் இல்லாம போச்சு டீச்சர். மன்னிச்சுக்குங்க."

"சரி. இப்ப நேரம் இருக்கில்ல, கடையில ஒருத்தரும் இல்ல." டீச்சர் கடைசிப் பக்கத்தைப் பிரித்துக் கவுண்டரில் வைத்துத் தள்ளினாள். "அந்த ஆறு வரியை எனக்கு வாய்விட்டுப் படி. அதோட விட்டுடறேன்."

அக்கா பக்கத்தைப் பார்த்தாள். கண்ணாடி எங்கே வைத்தேன் என்று சொல்லலாம். போன் வருகிறது என்று சொல்லலாம். ஆறு வாரத்தில் இப்படி நூறு சாக்குச் சொல்லியிருப்பாள். அன்றைக்கு ஏனோ ஒன்றும் வாயில் வரவில்லை. அவளுடைய ஆட்காட்டி விரல் மெல்ல எழுந்து, முதல் எழுத்தின் சுழியைத் தொட்டு, வளைந்து இறங்கி, கீழ்க்கோட்டில் ஓடி நின்றது. பிறகு இரண்டாவது எழுத்து. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

டீச்சர் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கை பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தவள். மூன்றாவது எழுத்தில் அவள் கோபம் இருந்த இடம் தெரியாமல் போனது.

"எப்போலேருந்து?" என்றாள்.

"ஆறு வாரமா."

"வீட்ல தெரியுமா?"

அக்கா இல்லை என்று தலையை ஆட்டினாள். ஆட்டியதும் அழுகை முட்டியது, அடக்கிக்கொண்டாள். டீச்சர் கவுண்டரின் மடக்குப் பலகையைத் தூக்கிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். அக்காவின் கன்றிய முழங்கையைப் பிடித்துப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து, சுற்றிலும் கூரைவரை அடுக்கியிருந்த பெட்டிகளை ஒரு பார்வை பார்த்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்பது அக்காவுக்குத் தெரிந்தது. இத்தனை நாள் தான் நினைக்காமல் தள்ளித் தள்ளி வைத்ததுதான் அது.

"ஆறு வாரமா மருந்து குடுத்துட்டு இருந்தியா?"

"நர்ஸ்கிட்ட கேட்டுத்தான் குடுத்தேன். ஒண்ணொண்ணையும் கேட்டேன். புதுப் பெட்டி வந்தா விரல்ல தடவிப் பாத்துதான் அடுக்குவேன்."

"எல்லாத்தையுமா?"

அக்காவின் பார்வை இரண்டாவது தட்டுக்குப் போனது. திங்கட்கிழமை சாயங்காலம் ஏஜென்ட் சரக்கு இறக்கியபோது கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல், அதன் தாய் அவசரப்படுத்தினாள். நீலத்தை நீலத்தோடும் பச்சையைப் பச்சையோடும் வைத்தாள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பிறகு பார்க்கவில்லை.

"நீலப் பெட்டி," என்றாள். "தைராய்டு மாத்திரை. ரெண்டாவது தட்டு, இடது கோடி. படிங்க டீச்சர்."

டீச்சர் கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாக எடுத்துப் படித்தாள். நான்கு பெட்டி சரி. ஐந்தாவதைக் கையில் எடுத்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். வேறு கம்பெனி, அதே நீலம். சர்க்கரை நோய்க்கான மாத்திரை.

"பெட்டி பிரிஞ்சிருக்கா?"

"பிரிஞ்சிருக்கு. ஒரு அட்டை குறையுது."

அந்த மாத்திரை யாருக்கு என்ன செய்யும் என்பதை அக்கா தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். சர்க்கரை நோய் இல்லாத ஒருவர் அதை வெறும் வயிற்றில் விழுங்கினால் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரை சரசரவென்று இறங்கும். நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும். கவனிக்கிற ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் அப்படியே நினைவு தப்பும். தைராய்டு மாத்திரை காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் போடுகிற மாத்திரை.

பதிவு நோட்டை எடுத்து டீச்சர் கையில் திணித்தாள். "திங்கக்கிழமை சாயங்காலத்திலேருந்து படிங்க. தைராய்டுக்கு வந்தவங்க பேர் மட்டும்."

மூன்று பேர். அக்கா தன் கையால் எழுதிய மூன்று வரி. டீச்சர் வாயிலிருந்து கேட்க வேண்டியிருந்தது. முதல் நம்பருக்குப் போன் போட்டாள். ஒரு அம்மாள், அட்டையை எடுத்து வந்து பெயரைப் படித்துக் காட்டினாள். சரியான மருந்து. எதற்கு என்று கேட்டதற்கு, சும்மா சரிபார்க்கிறேன் என்று வைத்துவிட்டாள். இரண்டாவது ஆள் இன்னும் அட்டையைப் பிரிக்கவே இல்லை, அதுவும் சரிதான்.

மூன்றாவதை டீச்சர் உடனே படிக்கவில்லை.

"யாரு டீச்சர்?"

"நம்ம மெக்கானிக்."

நேற்றுச் சாயங்காலம் வந்தான். வேலைச் சட்டையில் கிரீஸ் மணக்க மணக்க நின்று, தான் கொடுத்த மந்திர நகரத்துக் கதையில் கடைசிக் கால் பாகம் படிக்க ஆரம்பித்தாயிற்றா என்று கேட்டான். இன்னும் இல்லை தம்பி என்று சொல்லிக்கொண்டே, பேச்சு சுவாரசியத்தில் கைக்கு வந்த அட்டையைக் கவரில் போட்டுக் கொடுத்தாள். இந்நேரம் அவன் எங்கே இருப்பான்? ஏதாவது ஒரு கட்டடத்தில், பெட்டி போல இருக்கிற இருட்டுக் கிணற்றுக்குள், லிஃப்ட் கூண்டின் தலை மேல் நின்றுகொண்டிருப்பான்.

அவன் நம்பரைப் போட்டாள், மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள், எடுக்கவில்லை. அக்கா தன் வாழ்க்கையில் எத்தனையோ கோட்டை விழுந்ததைப் படித்திருக்கிறாள். எத்தனையோ ராணி கழுத்தில் கத்தி வைத்தார்கள், நெஞ்சு படபடக்கப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறாள். அந்தப் படபடப்பெல்லாம் சும்மா. இது வேறு. மூன்றாவது தடவை பாதி மணியில் எடுத்தான்.

"சொல்லுங்கக்கா." குரல் குழறியது.

"தம்பி, எங்க இருக்க?"

"ஒன்பதாவது மாடி. கூண்டு மேலதான். வேலை ஓடலைக்கா இன்னிக்கு. காலையிலேருந்து கை நடுங்குது. வேர்த்துக் கொட்டுது."

"சாப்பிட்டியா?"

"எங்க... மாத்திரையைப் போட்டுட்டு அப்படியே வந்துட்டேன்."

"நான் சொல்றதைக் கேளு. இருக்கிற இடத்திலேயே உக்காரு. பெல்ட் மாட்டியிருக்கியா? அதைக் கழட்டாத. தனியா ஏணில கால் வைக்காத. கூட யாரு இருக்கா?"

"வாட்ச்மேன் லிஃப்ட் வாசல்ல நிக்கிறார்."

"அவர்கிட்ட போனைக் குடு. ஜூஸ், சர்க்கரை, என்ன கிடைக்குதோ எடுத்து வரச் சொல்றேன். குடிச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும். நீ காலையில போட்டது தைராய்டு மாத்திரை இல்ல. சர்க்கரை வியாதிக்கானது. தெளிஞ்சாலும் திரும்ப இறங்கும், அதனால போயே ஆகணும்."

அவன் சிரித்தான், அந்த நிலைமையிலும். "என்னக்கா விளையாடறீங்க. உங்ககிட்ட வாங்கினதுதானே. நீங்க குடுத்தா தப்பா இருக்காதுக்கா."

இத்தனை நாள் அவளைக் காப்பாற்றியது அந்த நம்பிக்கைதான். இப்போது அவனை ஆபத்தில் நிறுத்தியிருப்பதும் அதுதான். கடைக்குள் யாரோ இரண்டு பேர் வந்து, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அக்கா அவர்களைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தவில்லை.

"தப்பாதான் குடுத்தேன் தம்பி. எனக்குப் படிக்க முடியல. ஆறு வாரமா ஒரு எழுத்து தெரியல. நிறத்தைப் பாத்து எடுத்துக் குடுத்தேன். நம்பு. வாட்ச்மேன்கிட்ட போனைக் குடு."

அவன் போனைக் கொடுத்தான். அடுத்த இருபது நிமிடம் அக்கா வாட்ச்மேனைக் காதிலிருந்து இறக்கவில்லை. பழச்சாறு பாட்டில் கிடைத்தது. மெக்கானிக் உட்கார்ந்தபடி குடித்தான். பாதி சிந்தியது. வாட்ச்மேனும் இன்னொரு ஆளும் சேர்ந்து அவனைப் பிடித்து லிஃப்ட் வாசலுக்கு இழுத்தார்கள். நடுக்கம் கொஞ்சம் அடங்கியது, வண்டி வந்தது, ஏற்றினார்கள். மருந்தின் பெயரை ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டும் என்றபோது டீச்சர் போனை வாங்கி, நீலப் பெட்டியைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். போனை வைத்த பிறகுதான் அக்கா மருந்துப் பெட்டி மேலேயே உட்கார்ந்தாள்.

"அடுத்தது நீ," என்றாள் டீச்சர். "எழுந்திரு. அதே ஆஸ்பத்திரிதான்."

"இருங்க. ஆறு வார நோட்டு அப்படியே இருக்கு டீச்சர். நானூறு பேராவது இருப்பாங்க."

"போற வழியில நான் படிக்கிறேன், நீ போன் பண்ணு. மிச்சத்தைப் படுக்கையில இருந்து பண்ணு. உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லவேண்டாமா?"

"அவர் இப்ப பஸ்ஸை ஓட்டிட்டு இருப்பார். இப்ப சொன்னா ஸ்டியரிங் ஆடும். ரெண்டு மணிக்கு இறங்குவார், அப்ப சொல்றேன்."

சீட்டோடு நின்ற இரண்டு பேரும் எப்போது போனார்கள் என்று தெரியவில்லை. போகிற வழியில் நாலு பேரிடம் சொல்லியிருப்பார்கள். சொல்லட்டும் என்று நினைத்தாள், நினைத்தது வலித்தது. மருந்து வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, தடித்த பேனாவை எடுத்தாள். குனிந்து பெரிய பெரிய எழுத்தாக எழுதினாள். கை ஒரு இடத்திலும் தயங்கவில்லை. எழுதி முடித்து நிமிர்ந்து பார்த்தாள். அட்டை நிறையக் கறுப்பு மை இருந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. ஷட்டரில் மாட்டப்போகிற அட்டை, தெருவே படிக்கப்போகிற அட்டை, எழுதியவளைத் தவிர.

"சரியா இருக்கா பாருங்க டீச்சர்."

டீச்சர் வாங்கி மனதுக்குள் படித்தாள். அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாய்விட்டுப் படிங்க," என்றாள்.

டீச்சர் அட்டையை முகத்துக்கு நேரே பிடித்தாள். "கடை மூடியிருக்கிறது. கடந்த ஆறு வாரத்தில் இங்கே மருந்து வாங்கியவர்கள், அடுத்த மாத்திரையைப் போடுமுன் அதன் பெயரைச் சீட்டோடு சேர்த்துச் சரிபார்க்கவும். மாறியிருந்தால் உடனே டாக்டரிடம் போகவும், கீழே உள்ள நம்பருக்கும் பேசவும். எனக்கு எழுத்துகளைப் படிக்கும் சக்தி போய்விட்டது. அதை மறைத்தேன். தவறு என்னுடையது."

தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அக்கா பேனாவை மூடி வைத்தாள்.

"இன்னொரு தடவை படிங்க டீச்சர்."

டீச்சர் முதல் வரியிலிருந்து மறுபடி படித்தாள், இந்தத் தடவை கொஞ்சம் நிதானமாக.